பல்லவியின் இரண்டாம் வரியில் சபை நின்றுவிடுகிறது என்றால்

சிஸ்டர், பட்டர்வொர்த் சபையில் உங்கள் அர்ப்பணிப்புப் பாடலை இரண்டாம் வரியிலேயே எல்லாரும் விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் தந்த விவரப்படி பாட்டு ஜி மேஜர், உச்சம் மேல் ஸட்ஜம், அதாவது மேல் ஜி. தனியாகப் பாட அழகுதான், சபைக்கு எட்டாது. டி மேஜருக்கு இறக்குங்கள். உச்சம் டி-யில் நிற்கும், ஆண் பெண் இருவருக்கும் சரி.

அதைவிடப் பெரிய சிக்கல் சொல். "விடுகிறேன்" என்பதில் "வி"-யை நான்கு தட்டு இழுக்கிறீர்கள். குறிலை இழுத்தால் நெடிலாகிவிடும்; காதில் "வீடு" என்றே விழும். நீண்ட ஸ்வரத்தில் நெடிலை வையுங்கள்: "தந்தேன்", "உமக்கே". மெட்டை மாற்றவே வேண்டாம்.

இன்னொன்று. மூன்று சரணமும் "ஒப்புக்கொடுத்தேன்" என்றே போகிறது. லூக்கா 22:42-இல் இயேசுவின் ஜெபத்தைப் பாருங்கள்: துன்பப் பாத்திரம் நீங்கட்டும் என்ற விண்ணப்பம் முதலில், "உம்முடைய சித்தத்தின்படியே" பிறகுதான். முதல் சரணத்தில் பயத்தை, கேட்க நினைப்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். அப்போதுதான் பல்லவிக்குத் திரும்புவதில் கனம் இருக்கும். மூன்றாம் சரணத்தை வெட்டிவிடலாம், யாரும் தேடமாட்டார்கள்.

திரையில் ஒரு முறைக்கு இரண்டே வரி. தமிழ் வாசிக்கத் தெரியாத இளையோருக்காகக் கீழே ரோமன் எழுத்திலும் போடுங்கள்.