ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ், தேன், இணையக் கடை: எல்லையோர வியாபாரிகளுக்குப் பதில்கள்

ஓணத்தைக் குறிவைத்து இணையக் கடை தொடங்கும், கேரள எல்லையை ஒட்டிய நம் கன்னியாகுமரி மாவட்டக்காரர்கள் கேட்டவை இவை. சிறு கடைகளுக்குக் கணக்கும் பார்சல் வேலையும் பார்த்துக்கொடுப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

களியக்காவிளை: அண்ணா, ஆண்டுக்குப் பத்து லட்சம் விற்றாலே பெரிது. ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா?

எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் பாறசாலைக்கு ஒரு பாக்கெட்டாவது அனுப்புவீர்களா? அப்படியானால் வேண்டும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவிலிருந்து விலக்கு உண்டு. மாநில எல்லையைத் தாண்டி விற்றால் அந்த விலக்கு போய்விடும். பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும் பாறசாலை சட்டத்துக்கு வெளிமாநிலம்; ஓர் இரவு முழுக்கப் பயணிக்க வேண்டிய சென்னை உள்மாநிலம்! விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேரச் சிலர் யோசனை சொல்வார்கள். அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கவே முடியாது. திருவனந்தபுரத்தை நம்பிக் கடை போடும் நமக்கு அது ஒத்துவராது.

பில் போடும் மென்பொருளையும் பாருங்கள். 629-இல் தொடங்கும் நம் மாவட்ட பின்கோடு என்றால் சிஜிஎஸ்டி (மத்திய வரி), எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி). திருவனந்தபுரத்து 695 என்றால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி). முகவரியைப் பார்த்து அதுவே மாற்றிக்கொள்ள வேண்டும்.

குழித்துறை: அரைக் கிலோ சிப்ஸுக்குக் கூரியரில் இரண்டு கிலோ கட்டணம் கேட்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. பெட்டி பிடிக்கும் இடத்துக்கும் காசு உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். உங்கள் பெட்டி 25, 20, 20 என்றால் 10,000. வகுத்தால் 2 கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். சிப்ஸ் நொறுங்கக் கூடாது என்று பெரிய பெட்டியில் காகிதத்தைத் திணிப்பவர்களின் லாபம் அங்கேயே போய்விடுகிறது. காற்று அடைத்த சிப்ஸ் பைகளைப் பெட்டிக்குள் நெருக்கி அடுக்குங்கள். விலைப்பட்டியல் எழுதுவதற்கு முன்பே பெட்டியை முடிவு செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அருமனை: வீட்டில் தேன் அடைத்து விற்கிறேன். லேபிளில் பெயர் போதாதா அண்ணா?

போதாது அக்கா. வீட்டில் அடைத்தாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவோ உரிமமோ வேண்டும்; அதன் 14 இலக்க எண் லேபிளில் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் இணைய விற்பனையையும் சொல்லிவிடுங்கள். எந்த வகை உரிமம் என்பது அதைப் பொறுத்தது. நிகர எடை, அடைத்த மாதம், எம்ஆர்பி, முகவரி, புகார் தொலைபேசி எண் ஆகியவை பாட்டிலில் வேண்டும். விலையும் எடையும் முகவரியும் இணையப் பக்கத்திலும் தெரிய வேண்டும்.

கருங்கல்: வீட்டு வாசலில் பணம் வாங்கும் வசதியை வைக்கலாமா?

முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். வாங்க மறுத்த பார்சலுக்குப் போன செலவும் திரும்பி வந்த செலவும் உங்கள் தலையில்தான். திரும்பி வந்த சிப்ஸை யாருக்கு விற்பீர்கள்? யுபிஐ போதும்.

தக்கலை: வாடிக்கையாளர் புகார் சொன்னால்?

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர்ப்பவரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சிறு கடையில் அந்த ஆள் நீங்களேதான்.

கொல்லங்கோடு: லோகோவுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம்.

மார்த்தாண்டம்: ஓணத்துக்கு முந்தைய வாரம் திறக்கிறேன். சரிதானே?

சரியில்லை தம்பி. அந்த வாரம் ஏத்தங்காய் விலை ஏறியிருக்கும், கூரியரில் பார்சல் குவிந்திருக்கும். இரண்டு மாதம் முன்னதாகச் சத்தமில்லாமல் திறந்து, சொந்தக்காரர்களை உண்மையான பணம் கட்டி வாங்கச் சொல்லுங்கள். அதில் ஒருவரை ஆர்டரை ரத்து செய்யவும் சொல்லுங்கள். பணம் அவர் கணக்குக்குத் திரும்பிய பிறகு மற்றவர்களுக்கு அறிவியுங்கள்.