பீரோவில் இருக்கும் பாட்டில்

அன்புள்ள ஐயா,

கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்து வந்தவன். குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. இப்போது குடி நினைப்பே இல்லை. பீரோவில் ஒரு குவாட்டர் பாட்டிலை மூடி திறக்காமல் வைத்திருக்கிறேன். தினமும் பார்க்கிறேன், தொடுவதில்லை. குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்று டாக்டர் கொடுத்த மாத்திரையையும் போன வாரம் நிறுத்திவிட்டேன். மாத்திரை பலத்தில் நிற்பது எனக்கு ஆண்மையாகப் படவில்லை. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போனேன். கடவுள் பேச்சு அதிகம் என்பதால் விட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசியில் பெரியப்பா மகனுக்குக் கல்யாணம். எந்தெந்தச் சூழல்கள் மறுபடி குடிக்கத் தூண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் எச்சரிக்கையாக இருந்துகொள்வேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஏழு மாதம் சின்ன விஷயம் இல்லை. அந்த ஏழு மாதமும் உங்கள் வீட்டில் இருப்பவர்கள் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன், மனம் நிறைகிறது. அந்த நிறைவோடுதான் இனிமேல் கொஞ்சம் திட்டப் போகிறேன்.

பட்டியலில் ரகசியம் எதுவும் இல்லை. பசி, கோபம், தனிமை, களைப்பு: குடியிலிருந்து மீண்டவர்கள் இந்த நான்கையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் சம்பள நாள், பழைய கூட்டாளி, சாவு வீடு, கல்யாண வீடு. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் மறுபடி குடித்தவர்களின் அனுபவங்களைத் தொகுத்துப் பார்த்தார். பெரும்பாலோர் விழுந்தது மனம் கசந்திருந்தபோது, யாருடனாவது சண்டை வந்தபோது, கூட இருந்தவர்கள் வற்புறுத்தியபோது. இவ்வளவுதான் பட்டியல்.

மார்லட் இன்னொன்றும் சொன்னார். அதுதான் உங்களுக்கு வேண்டியது. குடிக்கும் முடிவு கடைசியில் வருவது. அதற்கு வெகுநாள் முன்பே, குடியோடு சம்பந்தமே இல்லாததுபோலத் தெரியும் சின்னச் சின்ன முடிவுகளை ஆள் எடுத்துக்கொண்டே போகிறான். உங்கள் கடிதத்தை ஒருமுறை வேறு யாரோ எழுதியதாக நினைத்துப் படியுங்கள். கூட்டத்தை விட்டாயிற்று. மாத்திரையை நிறுத்தியாயிற்று. பாட்டில் வீட்டுக்குள் வந்தாயிற்று. மாதக் கடைசியில் கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் வைத்திருக்கிறீர்கள். எல்லாம் ஒரே திசையில்தான் போகிறது தம்பி.

மாத்திரைக்கும் ஆண்மைக்கும் என்ன சம்பந்தம்? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்களிடம் இப்படிக் கேட்பீர்களா? டைசல்ஃபிராமை நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். அதற்குள் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். நீங்களாக நிறுத்தியதை நீங்களாக மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம்.

இப்போது அந்தப் பாட்டில். மன உறுதியைச் சோதிக்கிறீர்கள். இந்த 'மன உறுதி' என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு நல்ல மனிதரை அந்தப் பேச்சு என்ன செய்தது என்று பார்த்தவன் நான்.

என் தாய்மாமா நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கடுமையான குடி. ஆனால் வருடா வருடம் கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுவார். மாலை கழுத்தில் இருக்கிறவரை ஒரு சொட்டு தொடமாட்டார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்குச் சாயங்காலமே கடையில் நிற்பார். அத்தை அழுவார். "சாமிக்குப் பயந்து இருக்கத் தெரியுது, பெத்த புள்ளைக்காக இருக்கத் தெரியலையா?" என்று ஊரே கேட்டது. மாமாவும் அதை நம்பினார். "எனக்கு மனசுல திடம் இல்லடா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார்.

திடம் இல்லாதவரா அவர்? விரத நாட்களில் அவரைச் சுற்றி என்னென்ன மாறியது என்று யாராவது ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கலாம். பட்டறை மூடுகிற நேரம்தான் அவர் குடிக்கிற நேரம். விரதத்தின்போது அதே நேரத்தில் வீட்டுக்கு ஓடிவந்து தலைக்குக் குளிக்க வேண்டும். அதன்பின் பஜனை. அது முடியும்போது பசி, சாப்பாடு, தரையில் பாய், தூக்கம். விடிவதற்குள் எழுந்து மறுபடி குளியல். கூடக் குடிக்கிறவர்கள் அவரைக் கூப்பிடமாட்டார்கள், கூப்பிடுவது பாவம் என்று அவர்களுக்கே பயம். நேற்றுவரை "டேய்" என்றவன் "சாமி" என்கிறான். கறுப்பு வேட்டியோடு டாஸ்மாக் வாசலில் நின்றால் கடைக்காரரே விரட்டுவார். நேரம், வழி, ஆட்கள், உடை, பெயர் எல்லாமே மாறியிருந்தன. மாலையைக் கழற்றிய அன்றைக்கு அத்தனையும் ஒரே நாளில் பறிபோயின. சாயங்காலம் பட்டறை மூடியது, கூட்டாளிகள் வாசலில் நின்றார்கள், அவருக்குப் போக வேறு இடம் இல்லை. யாராவது அந்தச் சாயங்காலக் குளியலையும் பஜனையையும் மட்டுமாவது தை மாதத்துக்கும் நீட்டித் தந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இது என் மாமா கதை மட்டும் இல்லை. வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஏராளமானோர் ஹெராயினுக்கு அடிமையானார்கள். 1971இல் அவர்கள் ஊர் திரும்பியபோது அரசாங்கமே நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர் அவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஊர் மாறியது மட்டுமே காரணமா என்ற விவாதம் உண்டு. ஆனால் விமானம் ஏறியதும் அத்தனை பேருக்கும் திடீரென்று மன உறுதி பிறந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அந்த இடம், அந்தப் பயம், அந்தச் சகாக்கள் எல்லாம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. நமக்கு அந்த வசதி இல்லை. கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது, நம் தெருவைத் தாண்டினால் இருக்கிறது. அதனால்தான் வழியை மாற்றிப் போ, சம்பளத்தை வீட்டில் கொடு, சாயங்காலத்துக்கு ஒரு வேலை வைத்துக்கொள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். நீங்களோ கடையையே பீரோவுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்! அந்தப் பாட்டிலைத் தினமும் பார்த்தால் திடம் வளராது. இன்னும் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்று மூளைக்குத் தினமும் ஞாபகப்படுத்துகிறீர்கள், அவ்வளவுதான். ஏதோ ஒரு ராத்திரி மனைவியோடு வாக்குவாதம் வரும், சாப்பிட்டிருக்க மாட்டீர்கள், தூக்கமும் வராது. அன்றைக்கு அந்தப் பீரோ நான்கு அடி தூரத்தில் இருக்கும்.

நீங்களே அதைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். வாசனை போதும், காரியம் கெட. நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது மனைவியை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்த பாட்டில் பற்றி அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கடவுள் விஷயத்தை அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஏ.ஏ. இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன் 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டல் கூடத்தில் நின்றார். வந்த வியாபாரம் ஊற்றிக்கொண்டது, கையில் காசில்லை, குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான். கூடத்தின் ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் பாரில் போய் உட்கார்ந்து தன்னைச் சோதித்துக்கொள்ளவில்லை. தொலைபேசியை எடுத்தார், பேச இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கூட்டத்துக்குப் போவது அதற்குத்தான். நம்பிக்கை இல்லாதவர்களும் போகிறார்கள், நீங்களும் போங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிட ஒரு எண் வேண்டும், அவ்வளவே. யாரும் கிடைக்காவிட்டால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம்.

இனி கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். முந்தின நாள் வரவேற்புக்குப் போகாதீர்கள், மண்டபத்து மாடி அறையில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். காலையில் முகூர்த்தத்துக்கு மனைவியோடு போங்கள். மொய் எழுதுங்கள், சாப்பிடுங்கள், பன்னிரண்டு மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அன்றைக்கும் அடுத்த நாளும் சாயங்காலம் சும்மா இருக்காதபடி ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று இருக்கும்போதுதான் எல்லோரும் காவலைத் தளர்த்துவார்கள்.

எங்கேயாவது சறுக்கிவிட்டால், "எல்லாம் போச்சு" என்று முழு பாட்டிலுக்குப் போகாதீர்கள். அந்த நினைப்புதான் ஒரு கிளாஸை ஒரு வருடக் குடியாக்குகிறது. அன்றைக்கு ராத்திரியே யாரையாவது கூப்பிடுங்கள், எனக்கு எழுதினாலும் சரி.

முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு, மாத்திரை பற்றி அவர் என்ன சொன்னார் என்று இந்த வாரமே எழுதுங்கள்.