வாசகர் கேள்வி–பதில்: கடலுக்குள் ஓடும் அலை

கேள்வி: திருகோணமலையின் கொட்டியாரக் குடாவுக்கு வெளியே 80 மீற்றர் தண்ணீரில் நின்றோம். மேலே கடல் தட்டை. ஒலி அனுப்பி ஆழம் காட்டும் எதிரொலிமானியின் திரையில் 30 மீற்றரில் தெரிந்த மங்கலான பட்டை மட்டும் 45 வரை இறங்கி, கால் மணித்தியாலத்தில் திரும்பி ஏறியது. கருவி பழுதா? (வாசகர், மூதூர்)

பதில்: பழுதில்லை. மேலுள்ள சூட்டுத் தண்ணீரும் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீரும் சந்திக்கிற எல்லையில் ஓடும் உள்ளலை அது. கருவிக்குச் சூடு குளிர் தெரியாது. அந்த எல்லையில் அடைந்து நிற்கும் மிதவையுயிர்களும் குஞ்சு மீன்களும்தான் ஒலியைத் திருப்பி அனுப்புகின்றன.

சந்தேகமென்றால் திரையில் கடலடியைக் காட்டும் தரைக்கோட்டைப் பாருங்கள். படகு ஆடினால் தரையும் பட்டையும் சேர்ந்தே ஆடும், அதுவும் சில செக்கன்களுக்கு ஒருமுறை. தரை நேராக நிற்க, பட்டை மட்டும் நிமிடக்கணக்கில் இறங்கி ஏறினால் உள்ளலைதான். அடுத்த முறை எதிரொலியின் அளவைக் கருவியே கூட்டிக் குறைக்கும் தானியங்கிக் கெயினையும் மீன் படக் குறியையும் நிறுத்துங்கள். இவை இரண்டும் மங்கலான பட்டையை அழித்துவிடும். ஆழ எல்லையை 100 மீற்றரில் பூட்டி, நிமிடத்துக்கொரு படம் எடுங்கள். நங்கூரம் இல்லாவிட்டால் ஜீபிஎஸ் நிலையையும் குறிக்க வேண்டும்: படகு அலையோடு இழுபட்டால் அலையின் நேரம் நீண்டு தெரியும்.

பறுவம், அமாவாசை கழிந்து ஏறக்குறைய ஒரு கிழமையில் கவனமாகப் பாருங்கள். அந்தமான்–நிக்கோபார் பக்கத்துக் கடலடி மேடுகளில் வற்றுப்பெருக்கு மோதி எழும் உள்ளலைகள், செக்கனுக்கு இரண்டு மீற்றருக்குச் சற்று மேலான வேகத்தில் வங்கக் கடலைக் கடந்து இங்கே வர அவ்வளவு நாள் எடுக்கும்.

கேள்வி: ஒலியனுப்பியையும் நீரொலிவாங்கியையும் 5 கிலோமீற்றர் இடைவெளியில் வைத்து உள்ளலையை அளக்கலாமா? (மாணவி, திருகோணமலை)

பதில்: அளக்கலாம், ஆனால் மணிக்கூடுதான் முதல் சோதனை. ஒலி 28 பாகை செல்சியஸ் தண்ணீரில் செக்கனுக்குச் சுமார் 1540 மீற்றர் போகும், 20 பாகையில் 1520. உள்ளலை சூட்டுத் தண்ணீரைக் கீழே தள்ளி, பாதையில் ஒரு கிலோமீற்றர் அப்படி மாறினால் ஒலி 8.5 மில்லிசெக்கன் முந்தி வரும். அனுப்பியின் மணிக்கூடும் வாங்கியின் மணிக்கூடும் ஒன்றுக்கொன்று அதேயளவு விலகினால் கிடைப்பது அலையல்ல, மணிக்கூட்டுப் பிழை. வருகை நேரத்தோடு சத்தத்தின் அளவையும் பதியுங்கள். சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலுள்ள மஞ்சள் கடல் பற்றி 1991இல் வெளியான ஆய்வில், கோடையில் குறிப்பிட்ட சில அதிர்வெண்கள் மட்டும் எதிர்பாராமல் மங்கியதற்கு உள்ளலைகளே காரணமாகக் காட்டப்பட்டன. பாறைப் பக்கம் சொடுக்கு இறால் 2 கிலோஹேட்ஸுக்கு மேலே ஓயாமல் வெடிச்சத்தம் எழுப்பும்; சில நூறு ஹேட்ஸில் வேலை செய்யுங்கள். ஆனால் நீலத் திமிங்கலங்களின் குரலும் தாழ்ந்த ஒலியே. அவை வரும் மாதங்களில் ஒலி அனுப்பாமல் கேட்பதோடு நிறுத்துங்கள். கருவி இறக்க முன் அனுமதி எடுங்கள். திருகோணமலை கடற்படைத் தளமுள்ள துறைமுகம்.

கூடவே 5 மீற்றருக்கொன்றாக வெப்பமானி கட்டிய கயிறு தேவை. அடியில் நங்கூரமிட்டு மிதவையால் நிமிர்த்திய 40 மீற்றர் கயிறு நீரோட்டத்தில் 20 பாகை சாய்ந்தால் மேல் நுனி 2.4 மீற்றர் இறங்கும். பதிவில் அது அலைபோலவே இருக்கும். அந்த நுனியில் ஆழத்தைக் காட்டும் ஓர் அழுத்தமானி கட்டினால் பிரித்தறியலாம். வாடைக் காலத்தில் மகாவலி நன்னீர் குடாவின் மேலே பரவி நிற்பதால் அடுக்கை உப்புத்தான் பிரிக்கும்; அப்போது வெப்பமானி மட்டும் போதாது, உப்புமானியும் இறக்குங்கள்.