சுகாதாரக் கல்வியில் எது நியாயம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

புகையிலை விழிப்புணர்வுக் கூட்டங்களில் புற்றுநோய் வந்த வாயின் படங்களைக் காட்டுகிறோம். கூட்டமே அதிர்ந்துபோகிறது. இப்படிப் பயமுறுத்துவது சரியா?

ஆபத்து உண்மை என்றால் பயம் வரத்தான் செய்யும், அதில் தப்பில்லை. படத்தைக் காட்டிய கையோடு, பழக்கத்தை விட யாரைப் பார்க்கலாம், முதல் சில நாட்கள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்கிறீர்களா என்பதுதான் என் கேள்வி. தகவல்தொடர்பு ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் முன்வைத்த கோட்பாடு இதைத்தான் பேசுகிறது. பயம் மட்டும் ஏறி, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை ஏறாவிட்டால், ஆள் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைக் குறைக்கும் வழியைத் தேடுவார். முகத்தைத் திருப்பிக்கொள்வார், 'எங்க தாத்தாவுக்கு ஒண்ணும் ஆகலையே' என்பார்.

இன்னொன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1987இல் வந்த எய்ட்ஸ் விளம்பரத்தில், கறுப்பு அங்கி போட்ட மரண உருவம், பவுலிங் விளையாட்டில் கட்டைகளைச் சாய்ப்பதுபோல, பந்தை உருட்டி மனிதர்களைக் கொத்தாகச் சாய்க்கும். நாடே பேசியது. ஆனால் பலருக்கு அந்த மரண உருவமே ஓரினச்சேர்க்கையாளர்களாகத் தெரிந்தது என்ற விமர்சனமும் எழுந்தது. உங்கள் கூட்டத்தில் ஏற்கெனவே நோய் வந்த ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அவரையும் நினைத்துப் பாருங்கள்.

'ஆபத்து இரண்டு மடங்கு' என்று சொன்னால்தான் மக்கள் காது கொடுக்கிறார்கள். கணக்கும் சரிதான். பிறகு என்ன பிரச்சினை?

1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்ததைப் பாருங்கள். அப்போது புதிதாக இருந்த 'மூன்றாம் தலைமுறை' கருத்தடை மாத்திரைகளால், முந்தைய மாத்திரைகளைவிட ரத்த உறைவு ஆபத்து இரு மடங்காகிறது என்று அரசின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. பொய்யில்லை. ஆனால் அந்த இரு மடங்கு, 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆனதுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்படுகிறது. கொடுமை என்னவென்றால், கர்ப்பத்தில் ரத்த உறைவு ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம்.

அதனால் மடங்கு சொன்னால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். நன்மைக்கும் இதே அளவுகோல்தான். பலனை மடங்கிலும் பக்கவிளைவை 'பத்தாயிரத்தில் ஒருவர்' என்றும் சொல்வது, நல்ல நோக்கத்தோடு செய்தாலும் ஏமாற்றுதான்.

ஒரு நோயாளியின் கதையைப் பெயர் சொல்லாமல் வகுப்பில் பயன்படுத்தலாமா?

அவரிடம் கேட்டுவிட்டு. ஊர், தொழில், குழந்தைகள் எண்ணிக்கை என்று மூன்று விவரம் போதும், பெயர் இல்லாமலே தெரிந்தவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

தன்னாட்சி, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற மருத்துவ அறத்தின் நான்கு கோட்பாடுகளும் தெரிந்தால் போதாதா?

பீச்சம்ப், சில்ட்ரஸ் என்ற அமெரிக்க அறவியல் அறிஞர்கள் இருவரும் 1979இல் தந்த அந்தச் சட்டகம் பயனுள்ளது. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனை, ஆய்வுக்கூடச் சூழலை மனதில் வைத்தது. நோயாளி மருத்துவரைத் தேடி வருகிறார். நாமோ கூப்பிடாமலே போய், நலமாக இருப்பவரிடம் 'நீங்கள் மாற வேண்டும்' என்கிறோம். அந்த அளவுக்கு நமக்குப் பொறுப்பு கூடுதல்.

எல்லாம் விளக்கிய பிறகும் ஒருவர் 'எனக்கு வேண்டாம்' என்கிறார். விட்டுவிடுவதா?

முதலில், புரிந்ததை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். பல நேரம் நம் விளக்கம்தான் கோணலாக இருக்கும். சரியாகப் புரிந்துகொண்டும் மறுத்தால், அது அவர் முடிவு. தொற்றுநோய் கதை வேறு, அங்கே அடுத்தவருக்கும் கேடு வரும். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859லேயே இந்தக் கோட்டைப் போட்டுவிட்டார்.

அப்புறம், அவருக்கு நேரமோ பணமோ சுத்தமான தண்ணீரோ இல்லாமலும் இருக்கலாம். சுகாதார மேம்பாட்டுக்கான 1986 ஒட்டாவா சாசனம் தனிநபர் பழக்கத்தோடு நிற்காமல் வாழும் சூழலையும் கொள்கையையும் சேர்த்துப் பேசுவது இதனால்தான். கைக்கெட்டாததைச் செய்யவில்லை என்று ஆளைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

தாய்ப்பால் பற்றிய துண்டுப்பிரசுரத்தை ஒரு பால்மாவு நிறுவனம் இலவசமாக அச்சடித்துத் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். பால்மாவு போன்ற தாய்ப்பால் மாற்றுகளுக்கான உலக சுகாதார அமைப்பின் 1981 விற்பனை நெறிமுறைப்படி, இத்தகைய கல்விப் பொருட்களை நிறுவனம் நன்கொடையாகத் தர வேண்டுமானால் உரிய அரசு அதிகார அமைப்பு கேட்டிருக்க வேண்டும், எழுத்தில் அனுமதியும் தந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் அதற்கென அரசு வகுத்த வழிகாட்டுதலுக்குள் அது வர வேண்டும். அப்போதும் எந்தத் தயாரிப்பின் பெயரும் அதில் வரக்கூடாது. உங்கள் பிரசுரம் இரண்டு பக்கம்தானே, கறுப்பு வெள்ளையில் நீங்களே நகலெடுத்துக் கொடுங்கள்.