ஷார்ஜா விமானத்தள வாடகை: 800 ரூபாயா, 500 ரூபாயா?

வணக்கம். 1932இல் ஷார்ஜா (இன்றைய ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கிறது) ஷேக்குக்கு, பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் தளத்துக்காக மாதம் 800 ரூபாய் என்று ஓரிடத்திலும் 500 என்று வேறிடத்திலும் இருக்கிறது, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான், ஆனால் ஒரே தொகை அல்ல. 800 தளத்துக்கான மாத வாடகை. 500 அன்றைய ஆட்சியாளர் ஷேக் சுல்தான் பின் சக்ருக்குத் தனிப்பட்ட மாதப்படி. இதுபோக விமானம் இறங்கும் ஒவ்வொரு முறையும் 5 ரூபாய். கட்டுரையில் மூன்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். கூட்டி 1,300 என்று மட்டும் எழுதினால் பேரத்தின் சூட்சுமமே மறைந்துவிடும். தனிப்படிதான் ஆட்சியாளரைச் சம்மதிக்க வைக்கும் கருவி.

பாரசீகக் (ஈரான்) கரையோரம் பறக்கும் அனுமதி 1932இல் முடிவுக்கு வந்ததால், பாதையை எதிரே அரபுக் கரைக்கு மாற்ற பிரிட்டனுக்கு அவசரம் இருந்தது. பக்கத்து ஷேக் ஆட்சியான ராஸ் அல் கைமாவில் முன்பே எதிர்ப்பைச் சந்தித்திருந்தார்கள். ஷார்ஜாவிலும் ஷேக்கின் உறவினர் சிலர் எதிர்த்தார்கள். வளைகுடாவில் பிரிட்டனின் தலைமைப் பிரதிநிதியான அரசியல் ரெசிடென்ட் பிஸ்கோ அந்த ஜூலையில் பயணத்திலேயே இறந்துபோக, குவைத்தில் பிரிட்டனின் அரசியல் முகவராக இருந்த டிக்சன் பேச்சை முடித்துவைத்தார். அக்டோபரில் முதல் விமானம் இறங்கியது. பயணிகள் விடுதியைக் கோட்டை போலக் கட்டி, காவலாட்களையும் ஷேக்கே தர வேண்டியிருந்தது.

தொகையை அமீரகத்தின் இன்றைய நாணயமான திர்ஹமாக மாற்றாதீர்கள். அன்று அங்கே புழங்கியது இந்திய ரூபாய். மூலத்தைப் பார்க்க, கத்தார் மின்னூலகத்தில் புஷைர் ரெசிடென்சி (அந்த ரெசிடென்டின் அலுவலகம்) கோப்புகளை இலவசமாகப் படிக்கலாம். ஷார்ஜாவின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அவற்றில் மாறி மாறி வரும், எல்லா வடிவத்திலும் தேடுங்கள்.