பகடை பதில்கள்: வளரி எறிந்தால் அது எந்த வகைத் தாக்குதல்?

(டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் மேஜை விளையாட்டின் வாசகர்களின் கேள்விகள். டிஎம் என்றால் ஆட்டத்தை நடத்துபவர்; 1டி6 என்றால் ஆறு பக்கப் பகடை ஒன்று, டி4 என்றால் நான்கு பக்கப் பகடை. பதில்கள் 5ஆம் பதிப்புக்கு உரியவை. 2014 விதியும் 2024 திருத்தமும் வேறுபடும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.)

என் பாத்திரம் மருது பாண்டியர் படையின் வளரி (வளைந்த எறி ஆயுதம்) வீரன்; ரோக் (பதுங்கித் தாக்கும் திருடன்) வகுப்பு. டிஎம் வளரிக்குக் கைக்கோடரியின் எண்களைக் கொடுத்தார். இப்போது, "எறிந்தால் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் கூடுதல் சேதம்) கிடையாது" என்கிறார். எறிவது தூரத் தாக்குதல்தானே?
*வாசகர், காரைக்குடி*

டிஎம் சொல்வதுதான் சரி. எறிவது தூரத் தாக்குதல்தான், ஆனால் எறியப்படும் பொருள் கைகலப்பு ஆயுதம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது. ஸ்னீக் அட்டாக் விதி தாக்குதலின் வகையைப் பார்ப்பதில்லை, ஆயுதத்தைப் பார்க்கிறது: அதற்கு ஃபினெஸ் தன்மை (பலத்துக்குப் பதில் லாகவத்தால் தாக்கலாம்) இருக்க வேண்டும், அல்லது அது தூர ஆயுதப் பட்டியலில் இருக்க வேண்டும். கைக்கோடரிக்கு இரண்டும் இல்லை. 60 அடி தள்ளி நின்று வீசினாலும் அது கைகலப்பு ஆயுதமாகவே இருக்கும். வீசும்போது கூட்டுவதும் டெக்ஸ்டெரிட்டி (லாகவம்) அல்ல, ஸ்ட்ரெங்த் (பலம்). ரோக்குக்கு அது இரட்டை நஷ்டம்.

வளரிக்குக் குறுவாளின் எண்களைக் கேட்டு வாங்குங்கள்: 1டி4, ஃபினெஸ், லைட் (இலகு), எறிதூரம் 20/60 அடி (இயல்பு/அதிகபட்சம்). கைக்கோடரியின் 1டி6 சராசரி 3.5, குறுவாளின் 1டி4 சராசரி 2.5. ஒரு புள்ளிதான் போகிறது. அதற்கு ஈடாக ஐந்தாம் நிலை ரோக்குக்கு 3டி6, அதாவது சராசரி 10.5 ஸ்னீக் அட்டாக் கிடைக்கும். சேத வகையை மட்டும் குத்து என்பதிலிருந்து மொத்து என்று மாற்றச் சொல்லுங்கள். வளரி குத்துகிற ஆயுதம் இல்லை. இந்த மாற்றம் சும்மா பெயருக்கு இல்லை: எலும்புக்கூடுகளுக்கு மொத்து இரட்டிப்பாக ஏறும். டிஎம் யோசிப்பார், நியாயம்தான்.

அது திரும்பிக் கைக்கு வருமா என்பதை முதல் நாளே பேசி முடியுங்கள். சாதாரண எறி ஆயுதம் விழுந்த இடத்தில் கிடக்கும். அதனால் இடுப்பில் நான்கைந்து வளரி இருக்கட்டும். 2014 விதியில் ஒரு முறைக்கு ஒன்றைத்தான் செலவில்லாமல் உருவலாம். 2024இல் எறியும்போதே உருவிக்கொள்ளலாம்.

உங்கள் குழுவில் பாலடின் (புனிதப் போர்வீரர்) இருந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள்: 2014 டிவைன் ஸ்மைட் (அடியோடு சேரும் தெய்வீகச் சேதம்) பார்ப்பது தாக்குதலின் வகையை. கைகலப்புத் தாக்குதலாக இருக்க வேண்டும். அவர் வளரியை வீசினால் ஸ்மைட் ஏறாது, கையில் பிடித்து அடித்தால் ஏறும்.

ஒரு கையில் கதை (கதாயுதம்), மறு கையில் புனிதச் சின்னம் பொறித்த கேடயம். என் கிளெரிக் (பூசாரி வகுப்பு) கியூர் ஊண்ட்ஸ் (காயம் ஆற்றும் மந்திரம்) போட முடியாது என்கிறார்கள். ஆனால் பிளெஸ் (ஆசி மந்திரம்) போடலாமாம். இது என்ன கூத்து?
*வாசகி, தேவகோட்டை*

கூத்துதான், ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. பிளெஸ் மந்திரத்துக்குச் சொல், சைகை, பொருள் மூன்றும் வேண்டும். பொருளுக்குப் பதில் புனிதச் சின்னம் நிற்கும். பொருளைப் பிடித்த கையே சைகையும் செய்யலாம் என்பதால் கேடயக் கையே போதும். கியூர் ஊண்ட்ஸுக்குச் சொல்லும் சைகையும் மட்டும். பொருளே இல்லாததால் சின்னத்துக்கு வேலை இல்லை. காலியான கை ஒன்று வேண்டும்.

வழி: அந்த முறைக்கு உரிய இலவசப் பொருள்-கையாளலில் கதையை இடுப்பில் செருகுங்கள், மந்திரத்தைச் சொல்லுங்கள், அடுத்த முறையில் கதையை எடுங்கள். இடையில் எதிரி உங்களைத் தாண்டி ஓடினால் கதையால் அடிக்க முடியாது, அதுதான் இதற்கான விலை. கதையைக் கீழே போட்டு, மந்திரம் சொல்லி, அதே முறையில் குனிந்து எடுப்பதைச் சில மேஜைகளில் விடுகிறார்கள். எங்களுக்கு அதில் ருசி இல்லை. வார் காஸ்டர் ஃபீட் (இரு கையும் நிறைந்திருந்தாலும் சைகை செய்ய விடும் சிறப்புத் திறன்) எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதுவரை ஹீலிங் வேர்டு என்ற காயம் ஆற்றும் மந்திரத்தை வைத்திருங்கள், அதற்கு வாய் மட்டும் போதும்.

வளவில் ஆத்தங்குடிக் கல் தரையையே போர்க்களமாக்கி ஆடுகிறோம், ஓர் அங்குலம் 5 அடி. ஃபயர்பால் (நெருப்புக்கோள மந்திரம்) எத்தனை கல்லை மூடும்?
*வாசகர், கானாடுகாத்தான்*

முதலில் கல்லை அளந்து பாருங்கள். 8 அங்குலக் கல் என்றால் கணக்கு அச்சில் வார்த்தது போல வரும். ஃபயர்பாலின் ஆரம் 20 அடி, விட்டம் 40 அடி, அதாவது 8 அங்குலம். சரியாக ஒரே கல். பூவேலையின் நடுப்புள்ளியை வெடிக்கும் இடமாக வையுங்கள். ஆனால் கல் சதுரம், நெருப்பு வட்டம். பாதிக்குக் குறைவாக நெருப்பு படும் ஓரங்குலக் கட்டங்களைக் கழித்தால் மூலைக்கு மூன்று வீதம் 12 போய், 64இல் 52 கட்டம் எரியும். மூலைக் கட்டத்தில் நிற்பவர் தப்பித்தார். 10 அங்குலக் கல் என்றால் நாலு பக்கமும் ஓர் அங்குலம் உள்ளே தள்ளி வரையுங்கள்.

தூணுக்குப் பின்னால் முழுதாக மறைந்தவர்? 2014 வாசகத்தில் நெருப்பு மூலை திரும்பிப் பரவும், அவரும் சேவ் (பாதிப்பைத் தவிர்க்க உருட்டும் பகடை) உருட்ட வேண்டும். 2024இல் அந்த வரி இல்லை. முழு மறைவு அவரைக் காக்கும்.

கோடு போடச் சாக்பீஸ் மட்டும். ஸ்கெட்ச் பேனா மை சிமெண்ட் கல்லில் இறங்கினால், வீட்டுப் பெரியவர்கள் போடும் சத்தத்துக்கு எந்த நூலிலும் சேவ் கிடையாது.

டி4 தொலைந்துவிட்டது. தாயக்கட்டை உருட்டலாமா?
*வாசகர், கோட்டையூர்*

தாராளமாக. நான்கு பக்கம்: 1, 2, 3, வெறுமை. வெறுமையை 4 என்று எடுங்கள். இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் 8, பன்னிரண்டு அல்ல. ஐந்து, ஆறு விழுந்தால் இன்னொரு முறை உருட்டும் கைப்பழக்கத்தையும் கட்டுப்படுத்துங்கள்.

வெள்ளி ஆயுதமும் இல்லை, மந்திர ஆயுதமும் இல்லை. ஓநாய் மனிதனை 60 அடிக் கிணற்றில் தள்ளிவிட்டோம். "சாதாரண அடி அவனுக்கு ஏறாது" என்று டிஎம் சேதத்தைப் பூஜ்யம் ஆக்கிவிட்டார்.
*வாசகர், புதுவயல்*

2014 குறிப்பில் அவனைக் காப்பது மந்திரமில்லாத, வெள்ளி பூசாத ஆயுதங்களின் தாக்குதல்களிலிருந்து மட்டும். விழுவது தாக்குதல் அல்ல. 10 அடிக்கு 1டி6 வீதம் 6டி6, சராசரி 21. அவனுடைய உயிர்ப்புள்ளி சராசரி 58, ஆகவே ஏறி வருவான். கிணற்றின் வாயை மூட ஏதாவது தேடுங்கள்.