யுங்பிரவ் மட்டும்தான் மலையா?

தம்பி, சுவிட்சர்லாந்தில் பேர்னுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, வேலையிடத்தில் எல்லோரும் சனி ஞாயிறு மலைக்குப் போகிறார்கள், யுங்பிரவ் ரயில் டிக்கெட் விலையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது, நமக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள்.

விலை விஷயம் சரிதான். ஐகர், மோன்ஷ் மலைகளைக் குடைந்து 3454 மீற்றர் உயரத்துக்கு 1912இலேயே ரயில் விட்டிருக்கிறார்கள். மேலே நின்றால் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளமுள்ள அலெட்ச் பனியாறு தெரியும். ஊரிலிருந்து அம்மா அப்பா வரும்போது கூட்டிப்போங்கள். வாராவாரம் அங்கே யாரும் போவதில்லை.

நீங்கள் முதலில் கூர்ட்டனுக்குப் போங்கள். பேர்ன் நகரத்தை ஒட்டிய 858 மீற்றர் குன்று. வானம் வெளித்திருந்தால் ஐகர், மோன்ஷ், யுங்பிரவ் மூன்றும் வரிசையாக நிற்கும்.

அப்புறம் குளிர்காலம். நவம்பர் பிறந்தால் யூரா மலைக்கும் அல்ப்ஸுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கனத்த குளிர்காற்று தேங்கி, மூடுபனி நாட்கணக்கில் கலையாது. புதிதாக வருபவர்களை முதல் குளிர்காலம் அழுத்துவது குளிரால் அல்ல, இந்தச் சாம்பல் வானத்தால்தான் என்பது என் எண்ணம். கீழே அப்படி இருக்கும்போதே ஆயிரத்தைந்நூறு மீற்றரில் கண்கூசும் வெயில் அடிக்கும்! எனக்கு மலை பிடித்துப்போனது அந்த வெயிலுக்காகத்தான், வீரசாகசத்துக்காக இல்லை.

கோடையில் கண்டர்ஸ்டெக் போங்கள். அங்கிருந்து கேபிள் காரில் ஏறி அரைமணி நேரத்துக்குள் நடந்தால் ஓஷினன் ஏரி. குழந்தைகளோடும் போகலாம். ஹால்ப்டாக்ஸ் அட்டை இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள், ரயிலிலும் பெரும்பாலான மலை ரயில்களிலும் பாதிக் கட்டணம்தான்.

வழிகாட்டிப் பலகையை மட்டும் கவனியுங்கள். வெறும் மஞ்சள் என்றால் சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை என்றால் செங்குத்தும் வழுக்கலும் இருக்கும், நல்ல சப்பாத்து வேண்டும். வெள்ளை-நீலம்-வெள்ளைப் பக்கம் இப்போதைக்குப் போகவேண்டாம். பலகையில் எழுதியிருக்கும் நேரத்தில் இளைப்பாறும் நேரம் சேராது, சோற்றுப் பொதியோடு போகும் நம்மவர்கள் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உயரத்துப் பாதைகளில் ஜூனிலும் பனி கிடக்கும். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை பிடிக்கும் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். கன்றோடு மாடு நின்றால் சுற்றிப் போங்கள். ரேகா மீட்பு ஹெலிகொப்டரின் எண் 1414, போனில் பதிந்து வையுங்கள்.